விழுங்கும் விற்றமினும் பூசும் விற்றமினும்

அக்கரைப்பற்றிலிருந்து 43 வயதுச் சகோதரி ஒருவர் கேட்கிறார்: "வீட்டிலிருந்தே தைக்கிறேன். முழங்கைகளில் சொரியாசிஸ். இரத்தப் பரிசோதனையில் விற்றமின் டி 14 என்று வந்தது. வாரத்துக்கு ஒன்றாக 50,000 அலகுக் குளிசை தந்திருக்கிறார்கள். இனிப் பூச்சு மருந்தை நிறுத்தலாமா? குளிசையைத் தினமும் விழுங்கினால் சீக்கிரம் சுகமாகுமா? மகனின் முதுகில் வெளிறிய திட்டொன்று இருக்கிறது, அவனுக்கும் இதைக் கொடுக்கலாமா?"

மூன்றும் வேண்டாம், சகோதரி.

மில்லிலீற்றருக்கு 20 நனோகிராமுக்குக் கீழே இருந்தால் குறைபாடு என்கிறோம். இவ்வளவு வெயிலடிக்கும் ஊரில் எப்படி என்று திகைக்காதீர்கள். புறஊதா பி கதிர் தோலில் நேரே பட வேண்டும். சன்னல் கண்ணாடியும் உடுப்பும் அதை மறிக்கும்; நமது கருந்தோலுக்கு நிறம் தரும் மெலனினும் நிறையவே தடுக்கும். நாள் முழுவதும் தையல் இயந்திரத்தின் முன் இருப்பவருக்குக் கடற்கரை பக்கத்தில் இருந்தும் பயனில்லை. உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருக்கும் நேரத்தில், மறைவான வளவில் கைகாலில் வெயில் படக் கால் மணி நேரம் இருங்கள். தோல் எரியும்வரை நிற்காதீர்கள்; வெந்த இடத்தில் புதிய சொரியாசிஸ் திட்டு கிளம்பலாம்.

இனிப் பூச்சு. உங்கள் குழாயில் கல்சிபொட்ரியோல் என்று எழுதியிருந்தால், அதுவும் விற்றமின் டியின் உறவுதான். 1985இல் ஜப்பானில் எலும்புத் தேய்வுக்காக விற்றமின் டி வகை மருந்தொன்றை விழுங்கிய நோயாளியின் சொரியாசிஸ் ஆறியதை மருத்துவர்கள் கவனித்தார்கள். அப்படியானால் விழுங்கினால் போதாதா? தோல் ஆறுமளவுக்கு விழுங்கினால் இரத்தத்தில் கல்சியம் ஏறிவிடும். அதனால்தான் பூச்சு வந்தது. ஏறத்தாழ 28 நாளில் மேலே வர வேண்டிய தோற்கலங்கள் சொரியாசிஸில் மூன்று நான்கு நாளில் முண்டியடித்து வந்து செதிளாகக் குவிகின்றன. பூச்சு அந்த அவசரத்தை அடக்குகிறது. உங்கள் குளிசை எலும்புக்கும் தசைக்கும் தேவை; முழங்கைத் திட்டை அது மாற்றும் என்று நம்பிப் பூச்சை விட்டுவிடாதீர்கள். வாரத்துக்கு 100 கிராமுக்கு மேல் பூசவும் கூடாது, முகத்தில் தடவவும் கூடாது.

வாரக் குளிசையைத் தினமும் விழுங்குவது ஆபத்து. ஓங்காளம், அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர், சிறுநீரகக் கல் என்று போய் முடியும். சொன்ன வாரங்கள் முடிந்ததும் மறுபடி இரத்தம் சோதியுங்கள். சூடை, சாளை மீனும் முட்டை மஞ்சட்கருவும் உணவில் சேரட்டும்.

எனக்குக் கவலை தருவது மகனின் திட்டுத்தான். அது தேமலாக இருக்கலாம், சிறுவர்களுக்கு வரும் சாதாரண வறட்சித் திட்டாகவும் இருக்கலாம். ஆனால் அவன் கண்ணை மூடியிருக்கும்போது பஞ்சால் அந்த இடத்தைத் தொட்டுப் பாருங்கள். உணர்வு குறைந்திருந்தால் தொழுநோயா என்று பார்த்தே ஆக வேண்டும். தொழுநோயாளரை ஒதுக்கி வைத்த, மட்டக்களப்பு வாவியிலுள்ள மாந்தீவின் பெயரே நம் மூத்தவர்களைப் பயமுறுத்திய காலம் போய்விட்டது. இன்று அந்த நோய் அதற்குரிய குளிசைகளால் முழுமையாகக் குணமாகும், அரச வைத்தியசாலையில் இலவசம். உணர்வு சரியாக இருந்தாலும் இந்த வாரமே தோல் நோய் கிளினிக்குக்கு அவனைக் கூட்டிச் செல்லுங்கள்.