‘பேட்டில் ஃபார் வெஸ்னாத்’ விளையாட்டில் திறமையைவிட அதிர்ஷ்டமே ஜெயிக்கிறது என்கிறார்களே, அது உண்மையா?

ஒரே ஒரு தாக்குதலைப் பற்றிக் கேட்டால், ஆம், முழுக்க அதிர்ஷ்டம்தான். ஒரு போர்க்களம் முழுவதையும் பற்றிக் கேட்டால், பெரும்பாலும் இல்லை. இந்த வேறுபாடு பிடிபடுவதற்கு முன்பே பலர் கோபித்துக்கொண்டு விளையாட்டைக் கணினியிலிருந்து நீக்கிவிடுகிறார்கள். முதல் முறை நானும் அப்படி நீக்கியவன்தான்.

விளையாடாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2003இல் டேவிட் வைட் என்பவர் தொடங்கி, பின்னர் தன்னார்வலர்கள் பலர் சேர்ந்து வளர்த்துவரும் கட்டற்ற மென்பொருள் இது. கணினியில் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். அறுகோணக் கட்டங்களாலான வரைபடத்தில் நாமும் எதிரியும் மாறி மாறிப் படைகளை நகர்த்துகிறோம். கட்டடம் எழுப்புவது, ஆராய்ச்சி செய்வது, மரம் வெட்டிச் சேர்ப்பது எதுவும் இதில் கிடையாது. கோட்டையில் நிற்கும் தலைவர் பொன் கொடுத்து வீரர்களைச் சேர்க்கிறார். வீரர்கள் ஊர்களைப் பிடித்தால் வருமானம் கூடுகிறது. சண்டையிடச் சண்டையிட அனுபவப் புள்ளிகள் சேர்ந்து அவர்கள் அடுத்த நிலைக்கு உயர்கிறார்கள். விதிகள் இவ்வளவுதான் என்பதால் அரை மணி நேரத்தில் யாரும் ஆடத் தொடங்கிவிடலாம். இந்த எளிமையை எல்லோரும் பாராட்டுகிறார்கள். சர்ச்சையெல்லாம் பகடையைப் பற்றித்தான், அதாவது அடி படுமா தவறுமா என்று கணினி குலுக்கிப் பார்ப்பதைப் பற்றி.

இதில் ஓர் அடி படும் வாய்ப்பு எவ்வளவு என்பதை அடிப்பவரின் திறமை தீர்மானிப்பதில்லை, அடி வாங்குபவர் எந்த நிலத்தில் நிற்கிறார் என்பதே தீர்மானிக்கிறது. சாதாரண மனித வீரர் வெட்டவெளிப் புல்லில் நின்றால் அவர்மீது அடிபடும் வாய்ப்பு 60 சதவீதம். அவரே ஊருக்குள் நின்றால் 40 சதவீதம். மந்திரவாதியின் தீ போன்ற மந்திரத் தாக்குதலுக்கு நிலம் ஒரு பொருட்டில்லை, எதிரி எங்கே நின்றாலும் 70 சதவீதம். புதிதாக வருபவர்கள் இந்த எழுபதைப் பார்த்துத்தான் ஏமாறுகிறார்கள்.

நான் ஏமாந்த கதையையே சொல்கிறேன். எதிரே ஓர் ஓர்க் (அரக்கர் போன்ற கற்பனை இனம்) வீரன், 14 உயிர்ப்புள்ளிகள் மட்டும் மீதம். என்னிடம் 20 பொன் கொடுத்துச் சேர்த்த மந்திரவாதி இருந்தார். ஓர் அடிக்கு 7 வீதம் மூன்று அடிகள். அந்த ஓர்க்கிடம் தொலைவிலிருந்து தாக்கும் ஆயுதம் கிடையாது என்பதால் திருப்பி அடிக்கும் பயமும் இல்லை. இரண்டு அடி பட்டால் போதும், ஒவ்வொன்றும் எழுபது சதவீதம் என்று மனக்கணக்குப் போட்டு, ஊருக்குள் நின்றிருந்தவரை வெட்டவெளிக்கு இறக்கித் தாக்கினேன். இரண்டு பட்டன, ஒன்று தவறியது. ஓர்க் சாகவில்லை, 4 புள்ளிகளோடு நின்றான். அடுத்து அவனும் அவன் கூட்டாளியும் சேர்ந்து என் மந்திரவாதியைக் கொன்றார்கள். கணினி ஏமாற்றுகிறது என்று முடிவுகட்டி அன்றோடு விட்டுவிட்டேன்.

உண்மையில் நடந்தது வேறு. அது இரவுச் சுற்று. இந்த விளையாட்டில் விடியல், பகல் இரண்டு, அந்தி, இரவு இரண்டு என்று ஆறு சுற்றுகளில் ஒரு நாள் கழிகிறது. மனிதப் படைகளில் பெரும்பாலானவை பகலில் கால் பங்கு கூடுதலாகவும் இரவில் கால் பங்கு குறைவாகவும் அடிக்கும். ஓர்க்குகளுக்கும் பிணப்படைகளுக்கும் இது நேர்மாறு, காக்கைக்குப் பகல், கூகைக்கு இரவு என்பதைப் போல. எல்ஃப்கள் என்னும் காட்டுவாழ் கற்பனை இனத்துக்கு இரவு பகல் பேதமில்லை. காக்கைக்குப் பகல், கூகைக்கு இரவு என்பதைப் போல. ஆகவே அன்று இரவில் என் மந்திரவாதியின் ஓர் அடி 7 அல்ல, 5 தான். 14 புள்ளிகளை எடுக்க மூன்று அடிகளும் பட்டாக வேண்டும். அதற்கான வாய்ப்பு 34 சதவீதம். இதே தாக்குதலைப் பகலிலோ அந்தியிலோ செய்திருந்தால் இரண்டு அடிகள் போதும், வாய்ப்பு 78 சதவீதமாக இருந்திருக்கும். எழுபது என்று நான் நம்பிய இடத்தில் இருந்தது வெறும் முப்பத்து நான்கு.

மறுபக்கக் கணக்கு இதைவிடப் பாடம் கற்பிப்பது. மந்திரவாதிக்கு 24 உயிர்ப்புள்ளிகள். ஓர்க் வீரன் ஓர் அடிக்கு 9 வீதம் இரண்டு முறை வெட்டுவான். இரவில் அது 11, பகலில் 7. இரண்டு ஓர்க்குகள் வந்தால் மொத்தம் நான்கு வெட்டுகள். வெட்டவெளியில், இரவில், நான்கில் மூன்று பட்டாலே மந்திரவாதி காலி. அதற்கான வாய்ப்பு ஏறக்குறைய 48 சதவீதம். அதே இரவில் அவர் ஊருக்குள்ளேயே நின்றிருந்தால் 18 சதவீதம். வெட்டவெளியே ஆனாலும் பகலாக இருந்திருந்தால் நான்கும் பட்டாக வேண்டும், 13 சதவீதம். பகடை மூன்று இடத்திலும் ஒன்றுதான். அதை எங்கே, எப்போது உருட்டச் சொல்கிறோம் என்பது மட்டும் நம் கையில் இருக்கிறது. தாக்குதலை உறுதிசெய்யும் முன் வரும் சாளரத்தில் சேதக் கணக்கைக் காட்டும் ஒரு பொத்தானும் இருக்கிறது. அதை அழுத்திப் பார்க்காமலேயே மாதக்கணக்கில் ஆடிவிட்டு அதிர்ஷ்டத்தைத் திட்டுபவர்கள் ஏராளம்.

இதனால் துரதிர்ஷ்டம் என்பதே இல்லை என்று ஆகிவிடாது. மந்திரவாதியின் மூன்று அடிகளும் தவறும் வாய்ப்பு 2.7 சதவீதம்தான், ஆனால் நாற்பது முறை தாக்கினால் அப்படி ஒரு முறையாவது நடப்பதற்கு மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு உண்டு. ‘நடக்கவே கூடாதது நடந்துவிட்டது’ என்று நாம் புலம்புவது பெரும்பாலும் நடந்தே தீர வேண்டியதைத்தான். எதிரியின் அடி தவறி நம் ஆள் பிழைத்ததை யாரும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை. விளையாட்டிலேயே ஒரு புள்ளிவிவரப் பக்கம் இருக்கிறது. எதிர்பார்த்த சேதம் எவ்வளவு, உண்மையில் நடந்தது எவ்வளவு என்று காட்டும். தோற்ற பிறகு கோபத்தோடு அதைத் திறந்த போதெல்லாம், ஒன்றிரண்டு முறை தவிர, இரண்டு எண்களும் அருகருகே இருப்பதைப் பார்த்து எனக்கே வெட்கமாகிவிட்டது.

ஆனாலும் குறை சொல்பவர்களின் ஒரு வாதத்தை நான் முழுமையாக ஒப்புக்கொள்கிறேன். பழைய ஆட்டக்காரர்கள் இதை அலட்சியப்படுத்துவது சரியல்ல. இருவர் ஆடும் ஒற்றை ஆட்டத்தில் துரதிர்ஷ்டம் அந்த ஆட்டத்தோடு முடிந்துவிடும். தொடர்கதையாக வரும் படையெடுப்புகளிலோ அது வட்டியோடு சேர்ந்துகொண்டே போகும். முந்தைய களத்தில் பிழைத்த வீரரை அடுத்த களத்தில் 20 பொன்னுக்குத் திரும்ப அழைக்கலாம் என்பதால், ஐந்து களங்களாக வளர்த்த ஒருவர் இறந்தால் அந்த இழப்பு வரவிருக்கும் எல்லாக் களங்களிலும் தொடர்கிறது. பொன்னும் அப்படித்தான்: பல படையெடுப்புகளில் மிச்சமிருக்கும் பொன்னில் 40 சதவீதமே அடுத்த களத்துக்கு வருகிறது. ஒரு களத்தில் தட்டுத்தடுமாறி வென்றவர் அடுத்ததில் அரைகுறைப் படையோடு நின்று, தோல்விக்கான காரணம் இரண்டு களங்களுக்கு முன்பே நடந்துவிட்டது என்பதுகூடத் தெரியாமல் தவிக்கிறார். இது வடிவமைப்பின் குறைதான்.

இதற்கு மருந்தாகத்தான் பலர் சேவ் செய்த இடத்துக்கே திரும்பிப் போய், அடி படும்வரை மீண்டும் மீண்டும் ஆடுகிறார்கள். ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் விளையாட்டு தானாகவே சேவ் செய்துவைப்பதால் இது மிகச் சுலபம். நான் இதை ஏமாற்று என்று சொல்ல மாட்டேன், அவரவர் பொழுதுபோக்கு. ஒரு தொல்லை மட்டும் உண்டு: எல்லா அடியும் படும்வரை திரும்ப ஆடியே பழகியவருக்கு, தவறினால் என்ன செய்வது என்று முன்கூட்டியே யோசித்துக் காயமடைந்தவரைப் பின்னுக்கு இழுக்கும் பழக்கம் வருவதே இல்லை. கதைக்கு அவசியமானவர் இறந்தால் களமே தோற்றுவிடும் என்பதால் அப்போது மட்டும் நானும் திரும்பிப் போவதுண்டு.

கணினி எதிரியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. முட்டாள்தனமாகப் பாய்ந்து வரும், எண்ணிக்கையால் ஈடுகட்டும். படங்கள் பழைய பாணி என்பதும் உண்மைதான், அது எனக்குக் குறையாகத் தெரியவில்லை.

பகடையே வேண்டாம் என்பவர்களுக்கு ‘தி பேட்டில் ஆஃப் பாலிடோபியா’ இருக்கிறது. இதே அளவுக்கு எளிய முறைவைத்து ஆடும் போர் விளையாட்டுதான், ஆனால் தாக்கினால் எவ்வளவு சேதம் என்பது முன்பே உறுதி. எனக்கு அதுவும் பிடிக்கும். ஆயினும் அங்கே கணக்குச் சரியாக இருந்தால் எதிரி செத்தே தீருவான் என்பதால், ‘செத்தால் இப்படி, சாகாவிட்டால் அப்படி’ என்று இரண்டு திட்டங்களை ஒரே நேரத்தில் தூக்கிக்கொண்டு நகர்த்தும் பதைபதைப்புக் கிடைப்பதில்லை. வெஸ்னாத்துக்கு நான் திரும்பி வந்தது அந்தப் பதைபதைப்புக்காகத்தான்.

நீங்கள் இன்னும் தொடங்கவில்லை என்றால் ‘தி சவுத் கார்ட்’ படையெடுப்பை மிக எளிய நிலையில் எடுத்துக்கொள்ளுங்கள், புதியவர்களுக்காகவே அமைக்கப்பட்டது. முதல் நாள் ஒரே ஒரு விதியை மட்டும் கடைப்பிடித்துப் பாருங்கள்: பொழுது சாயத் தொடங்கியதும் மனிதப் படையை ஊர்களுக்கும் கோட்டைக்கும் இழுத்துவிடுங்கள். இரண்டு இரவுச் சுற்றுகள் எதிரி வந்து மோதட்டும்; விடிந்ததும் திருப்பி அடியுங்கள். அதற்குப் பிறகும் மந்திரவாதியின் மூன்று அடிகளும் தவறினால், தாராளமாகத் திட்டிக்கொள்ளுங்கள். நான் இன்றும் திட்டுகிறேன்.