வலுத்த இனம் மட்டும்தானே மிஞ்ச வேண்டும்?

கேள்வி: ஒரே இடத்துக்குப் போட்டியிடும் உயிரினங்களில் வலுத்தது மற்றதை அழித்துவிடும் என்று படித்தேன். எங்கள் ஊர்ப் பாறைகளில் கொட்டலசு, சிப்பி, பாசி என்று எல்லாமே நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கின்றன. இத்தனை காலத்தில் ஏதாவது ஒன்றுதானே மிஞ்சியிருக்க வேண்டும்?
– வாசகர், தூத்துக்குடி

பதில்: நீங்கள் படித்தது தப்பில்லை. ரஷ்யாவின் உயிரியலாளர் காஸ் 1934-இல் வெளியிட்ட சோதனைகளில் அதுதான் நடந்தது. தனித்தனியாக வளர்த்தபோது நன்றாகப் பெருகிய இரண்டு வகைப் பாரமீசியங்களை (கண்ணுக்கு எளிதில் தெரியாத ஒற்றைச் செல் உயிர்கள்) ஒரே குழாயில் விட்டு ஒரே இரையைக் கொடுத்தார், கொஞ்ச நாளில் ஒரு வகை அடியோடு இல்லாமல் போனது. ஆனால் கண்ணாடிக் குழாய்க்குள் மேடு பள்ளம் கிடையாது, ஏற்ற வற்றமும் கிடையாது. பாறையில் எல்லாமே உண்டு.

நீங்கள் சொன்ன கொட்டலசையே, அதாவது பாறையில் ஒட்டிக்கொண்டு வாழும் அந்த ஓடுள்ள சிறு கடலுயிரையே எடுத்துக்கொள்வோம். ஸ்காட்லாந்தின் கம்ப்ரே தீவில் ஜோசப் கானல் என்பவர் பாறைகளைக் கவனித்தார். மேல்பகுதியில் தமாலஸ் என்ற சிறிய வகை, கீழே பலானஸ் என்ற பெரிய வகை, நடுவே யாரோ கோடு போட்டது போல ஒரு பிரிவு. சின்னதுக்கு மேல்பகுதிதான் பிடிக்கும் போலிருக்கிறது என்று நாமாக இருந்தால் எழுதிவிட்டுப் போயிருப்போம். அவர் அப்படி விடவில்லை. தமாலஸ் ஒட்டியிருந்த கற்களைக் கீழே கொண்டுபோய் வைத்து, ஒவ்வொரு கல்லிலும் ஒரு பாதியில் மட்டும் அதைத் தொட்டுக்கொண்டு வளரும் பலானஸைச் சுரண்டி எடுத்துக்கொண்டே வந்தார். சுரண்டிய பாதியில் தமாலஸ் நன்றாகவே பிழைத்தது. மற்ற பாதியில், வேகமாக வளரும் பலானஸ் அதன்மேல் ஏறி அமுக்கியது, அடியில் புகுந்து நெம்பியது, பக்கத்தில் இருந்து நசுக்கியது. சரி, அப்படியானால் பலானஸ் மேல்பகுதியையும் பிடிக்க வேண்டியதுதானே? முடியாது, தண்ணீர் வற்றிக் கிடக்கும் நேரத்தில் காய்ந்து செத்துவிடும். அதாவது சின்னதன் கீழெல்லையைப் பக்கத்து வீட்டுக்காரன் போடுகிறான், பெரியதன் மேலெல்லையை வெயிலும் காற்றும் போடுகின்றன. 1961-இல் வெளிவந்த இந்த ஆய்வை எத்தனை முறை படித்தாலும் எனக்குச் சலிப்பதே இல்லை, அவ்வளவு எளிமையான வேலை.

இன்னொன்றும் இருக்கிறது. வலுத்தவனைத் தின்ன ஒருவன் வேண்டும். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், மக்கா விரிகுடாப் பாறைகளில் ராபர்ட் பெயின் 1963 முதல் ஒரு பகுதியில் மட்டும் நட்சத்திர மீன்களைப் பெயர்த்தெடுத்துக் கடலில் எறிந்துகொண்டே இருந்தார். அந்த நட்சத்திர மீன் விரும்பித் தின்பது சிப்பியை. தின்ன ஆள் இல்லாததும் சிப்பிகள் பாறையை அடைத்துக்கொண்டு கீழே இறங்கின, பாசிக்கும் கொட்டலசுக்கும் ஒட்ட இடமில்லை. அங்கே இருந்த 15 இனங்கள் 8 ஆகக் குறைந்தன. நீங்கள் கேட்ட ‘ஒன்றுதானே மிஞ்ச வேண்டும்’ என்ற நிலையை நோக்கி அந்தப் பாறை நடக்கத் தொடங்கியது, தடுத்துக்கொண்டிருந்தது ஒரு நட்சத்திர மீன்!

2013-இல் தொடங்கி அதே பசிபிக் கரையோரத்தில் ஒரு கொடிய நோய் பரவி, நட்சத்திர மீன்கள் கை கழன்று, உடல் கூழாகிக் கும்பல் கும்பலாகச் செத்தன. பெயின் ஒரு சின்னத் துண்டுப் பாறையில் கையால் செய்ததை, நோய் ஒரு கரை முழுக்கச் செய்தது.