அரிய எஞ்சினா, ஓடாத எஞ்சினா?

கேள்வி: பிரிட்டனில் ஒரு ஏலத் தளத்தில் பழைய ஹார்ன்பி டப்லோ பொம்மை ரயில் எஞ்சினுக்கு 180 பவுண்டு கேட்கிறார்கள். 'மிக அரியது, ஓட்டிப் பார்க்கவில்லை' என்று போட்டிருக்கிறது. வாங்கலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். 'ஓட்டிப் பார்க்கவில்லை' என்றாலே எனக்குச் சிரிப்பு வரும். வரிசையாக ரயில் விற்கிறவரிடம் 12 வோல்ட் கொடுத்துப் பார்க்க ஒரு கன்ட்ரோலர்கூடவா இல்லை? ஓடாது என்றே வைத்துக்கொண்டு விலை பேசுங்கள்.

'அரியது' என்பதும் அப்படித்தான். டப்லோ 1938-இல் வந்தது, சாதாரண மாடல்கள் இன்றும் ஏராளமாகக் கிடைக்கின்றன. கேட்கும் விலையை விடுங்கள், அதே எஞ்சின் உண்மையில் என்ன விலைக்குப் போயிருக்கிறது என்று விற்று முடிந்தவற்றின் பட்டியலில் பாருங்கள்.

அப்புறம் முக்கியமான ஒன்று, பலர் ஏமாறுவது இங்கேதான். 1959 வரை வந்த டப்லோ மின் எஞ்சின்கள் எல்லாம் மூன்று தண்டவாளத்தில் ஓடுபவை, நடுத் தண்டவாளத்திலிருந்து மின்சாரம் எடுப்பவை. அகலம் அதே 16.5 மில்லிமீட்டர் என்பதால் இரண்டே தண்டவாளம் உள்ள இன்றைய பாதையிலும் அழகாக உட்காரும், ஆனால் சக்கரங்களுக்கு இடையே மின்காப்பு இல்லாததால் ஷார்ட் ஆகிவிடும். விளம்பரத்தில் இதைச் சொல்லவே மாட்டார்கள். எஞ்சினின் அடிப்பக்கப் படம் கேளுங்கள், நடுவில் மின்சாரம் எடுக்கும் தகடு இருந்தால் அது மூன்று தண்டவாள வகை. படம் அனுப்ப மறுத்தால், சரி, அடுத்த ஆளைப் பாருங்கள்.