விரால் அடிப்பான் எப்படிப் பாய்கிறது? பெங்களூர் நண்பர்களின் கேள்விகளும் பதில்களும்

ஹொசகோட்டை ஏரியில் விரால் அடிப்பானை, அதாவது மீன் பிடிக்கும் வேட்டைப்பறவையான ஆஸ்ப்ரேயைப் (osprey) பார்த்தேன் சார். தலைகீழாக விழுந்தது. மீன்கொத்தி மாதிரி அலகால்தான் பிடிக்கிறதா?

இல்லை. விழத் தொடங்கும்போது தலை கீழே இருப்பது உண்மை. நீரைத் தொடப்போகும் நொடியில் கால்களை முன்னே வீசி, நகங்களை விரித்து, இறக்கைகளைப் பின்னால் உயர்த்திக்கொள்ளும். நீரில் முதலில் இறங்குவது கால்தான். 10 முதல் 40 மீட்டர் உயரத்திலிருந்து பாயும். அதற்கு முன் அந்தரத்தில் சிறகடித்து நின்று குறிபார்ப்பதும் உண்டு. உடம்பு முழுக்க மூழ்கினாலும் எட்டும் ஆழம் 1 மீட்டர் அளவுதான். மேல்மட்டத்தில் திரியும் மீன்தான் மாட்டும்.

அந்தக் காலைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் எனக்குப் போதாது. வெளிவிரலைப் பின்னால் திருப்பிக்கொள்ளும். முன்னே இரண்டு, பின்னே இரண்டு என்று நான்கு பக்கமும் பிடி விழும். பாதத்தின் அடியில் முள் போன்ற செதில்கள். வழுவழுப்பான மீன்கூட எளிதில் நழுவாது. மூழ்கும்போது நாசித்துளைகள் மூடிக்கொள்ளும். இறகுகள் அடர்த்தியாக, எண்ணெய்ப் பசையோடு இருக்கும். மேலே எழும்பியதும் பறந்தபடியே உடம்பை உதறித் தண்ணீரைத் தள்ளிவிடும்.

தண்ணீருக்குள் மீன் இருக்கும் இடம் மாறித் தெரியுமே, குறி தப்பாதா?

தப்பும். சாய்வாகப் பார்த்தால் மீன் இடம் மாறியும், உண்மையான ஆழத்தைவிட மேலேயும் தெரியும். செங்குத்தாக இறங்க இறங்க இடப்பிழை குறையும். இளம் பறவைகள் பழகித்தான் தேறுகின்றன. நான்கு பாய்ச்சலில் ஒன்று முதல் பத்தில் ஏழு வரை வெற்றி என்று இடத்துக்கு இடம் ஆய்வுகள் மாறுபடும்.

மீனின் தலை ஏன் எப்போதும் முன்பக்கம்?

காற்றின் தடை குறையும். ஒரு காலை முன்னும் மற்றதைப் பின்னும் வைத்து மீனைத் திருப்பிக்கொள்ளும்.

அல்சூர் ஏரியில் தினமும் மீன் தூக்குவது இதுதானே?

பெரும்பாலும் கரும்பருந்து, இல்லையென்றால் செம்பருந்து. இரண்டும் மேலோட்டமாக அள்ளிக்கொண்டு போகும், மூழ்காது. வெள்ளை வயிறு, கண் வழியே ஓடும் கரும்பட்டை இருந்தால் மட்டும் எனக்குப் படம் அனுப்புங்கள்.

பெரிய மீனில் நகம் மாட்டிக்கொண்டு மூழ்கிச் செத்துவிடுமாமே? நகம் பூட்டிக்கொள்ளும் என்று வீடியோவில் சொன்னார்கள்.

நகத்தில் அப்படிப் பூட்டு எதுவும் இல்லை. பிடித்ததை விடவும் அதனால் முடியும்.

அண்ணா, நானும் கேட்டிருக்கிறேன். மீனவர்கள்கூடச் சொல்கிறார்கள்.

மீனவர் சொல்லை நான் மதிக்கிறேன். ஆனால் யோசித்துப் பாருங்கள். பறவையின் எடை 1.2 முதல் 2 கிலோ. வழக்கமாகப் பிடிப்பது 150 முதல் 300 கிராம் மீன். கனமானது சிக்கினால் நீரில் இறக்கையை விரித்து மிதக்கும், துடுப்புப் போல அடித்துக் கரைக்கு இழுக்கும், இல்லையென்றால் விட்டுவிடும். மூழ்கியதாகச் சொல்லப்படும் சம்பவங்கள் மிக அரிது. அவற்றுக்கும் நகம் பூட்டிக்கொள்ள வேண்டியதில்லை. ஈரமான உடம்பும் சோர்வும் போதும்.

அப்படியென்றால் அந்த வீடியோ பொய்யா?

பறவை தண்ணீரில் தத்தளிப்பதைக் காட்டியிருப்பார்கள், அது உண்மையாக இருக்கலாம். பூட்டு என்பது பின்னணிக் குரல் சேர்த்த கதை. இதே கேள்வியை இன்னும் மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். எல்லோருக்கும் பதில் இதுதான்.

எந்த லென்ஸ் வாங்கலாம்?

கேமரா தெரிந்தவரிடம் கேளுங்கள். என்னிடம் ஒரு வேண்டுகோள்தான் உண்டு: மீனோடு மரத்தில் உட்கார்ந்த பறவையை நோக்கி நடக்காதீர்கள், ட்ரோன் விடாதீர்கள். பயத்தில் மீனைப் போட்டுவிட்டால் மறுபடி முதலிலிருந்து பாய வேண்டும்.

ஆகாயத்தாமரை மூடிய ஏரிக்கும் வருமா?

மீன் கண்ணில் பட வேண்டுமே! திறந்த, தெளிந்த நீர் வேண்டும். நுரைக்குப் பேர்போன பெல்லந்தூரில் தேடுவதைவிட ஹொசகோட்டைக்குப் போகலாம். கரையில் அறுந்து கிடக்கும் தூண்டில் நரம்பைப் பார்த்தால் எடுத்து வாருங்கள். காலில் சுற்றினால் பறவை பிழைப்பது கடினம்.

நகம் பூட்டிக்கொள்ளுமா சார்?

மேலே படியுங்கள்.

மே மாதம் போனால் கிடைக்குமா?

கஷ்டம். இங்கே அது குளிர்கால விருந்தாளி, கூடு கட்டுவது வடக்கே. நவம்பர் முதல் பிப்ரவரிக்குள் போங்கள். காலையில் கிழக்குக் கரையில் நில்லுங்கள், வெயில் முதுகுப் பக்கம் இருக்கும்.