எட்டடி ஹரிக்கேன்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

போன இதழில் என் வீட்டு மாடியில் உருவான, இரண்டாம் உலகப் போர்க்கால ஹரிக்கேன் போர் விமானத்தின் மாதிரியைப் பற்றி எழுதியிருந்தேன். அசல் விமானத்தில் ஐந்தில் ஒரு பங்கு. இறக்கை எட்டடி, எடை 11 கிலோ, 55 சிசி பெட்ரோல் எஞ்சின், கையில் ரிமோட். கடலூர் முதுநகரில் முப்பது வருஷமாகப் படகு எஞ்சின் பழுது பார்க்கிறவன் நான். இத்தனை கடிதம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. எல்லாவற்றையும் படித்தேன். பலரும் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: நானும் எட்டடி ஹரிக்கேன்தான் கட்டுகிறேன். 55 சிசி போதுமா? 100 சிசி இரட்டை சிலிண்டர் போட்டால் இன்னும் நன்றாகப் பறக்குமே?
*– பொறியியல் மாணவர், நெல்லிக்குப்பம்*

தம்பி, எஞ்சினைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். நான் வாலிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

2010-இல் என் முதல் ஹரிக்கேனைக் கட்டினேன். அப்போது எனக்குத் தெரிந்த உறுதி, படகின் உறுதி. வால் பகுதி முழுக்க 6 மில்லி பிளைவுட், மூலைக்கு மூலை ரெசின். கையால் அழுத்தினால் அசையாது. விமானத்தைத் தூக்கிப் பார்த்தால் வால் கீழே தொங்கியது. வலைக்குக் கட்டுகிற ஈயக்குண்டுகளை வாங்கி வந்து மூக்கில் 600 கிராம் கட்டினேன். அப்படியும் சமநிலை பின்னால்தான் இருந்தது. பரவாயில்லை, பறக்கும் என்று நினைத்துவிட்டேன். தரையை விட்ட உடனே மூக்கு வானத்தைப் பார்த்து எழும்பியது. மூக்கை ஏற்றி இறக்கும் வால் மடலான எலிவேட்டரை முழுக்கக் கீழே கொடுத்தும் இறங்கவில்லை. வேகம் செத்து, இடது இறக்கை சரிந்து, நேராகத் தரையில் குத்தியது. எட்டு மாத வேலை பத்து விநாடியில் முடிந்தது. அந்த இறக்கையின் ஒரு துண்டு இன்னும் என் பட்டறைச் சுவரில் இருக்கிறது.

ஹரிக்கேனில் சமநிலைப் புள்ளியிலிருந்து வால் இருக்கும் தூரம், மூக்கு இருக்கும் தூரத்தைவிட ஏறக்குறைய இரண்டரை மடங்கு. வாலில் நீங்கள் வைக்கும் ஒவ்வொரு கிராமுக்கும் மூக்கில் இரண்டரை கிராம் ஈயம் கேட்கும். வாலில் 100 கிராம் குறைத்தால் மொத்தத்தில் 350 கிராம் மிச்சம். எந்த எஞ்சினும் இந்த லாபத்தைத் தராது.

பால்சா என்னும் லேசான மரத்தின் பலகை வாங்கும்போது ஒரு சின்னத் தராசையும் எடுத்துப் போங்கள். 3 மில்லி கனம், பத்து சென்டிமீட்டர் அகலம், மூன்றடி நீளம். பார்க்க எல்லாம் ஒரே பலகைதான். ஒன்று 28 கிராம் இருக்கும், பக்கத்தில் உள்ளது 54 கிராம் இருக்கும். மரம் வளர்ந்த வேகம் அப்படி. லேசானதை வாலுக்கு ஒதுக்குங்கள், கனமானதை இறக்கையின் நடுத்தண்டுக்கு வையுங்கள். நான் ஒவ்வொரு பலகையிலும் பென்சிலால் எடையை எழுதித்தான் அடுக்குகிறேன். அசல் ஹரிக்கேனிலும் பின்னுடல் மெல்லிய மரச்சட்டங்களின்மேல் துணி போர்த்தியதுதான். அதையே நாமும் செய்தால் வால் தானாக லேசாகிவிடும், பார்வைக்கும் உண்மையாக இருக்கும். ஹரிக்கேனை நான் தேர்ந்தெடுத்ததற்கு இது ஒரு காரணம். இன்னொன்று, அதன் சக்கரங்கள் உள்பக்கமாக மடங்குகிறவை, நிற்கும்போது அகலமாக நிற்கும். அதே போர்க்கால விமானமான ஸ்பிட்ஃபயர் அழகிதான், ஆனால் அதன் சக்கரங்கள் நெருக்கமாக இருப்பதால் கரடான தரையில் சாய்ந்து இறக்கையைத் தேய்த்துவிடும்.

எஞ்சினுக்கு வருகிறேன். 55 சிசி ஒற்றை சிலிண்டர் ஐந்தரை குதிரைசக்தி அளவில் கொடுக்கும். 22 அங்குல புரொப்பெல்லரை நிமிடத்துக்கு 7,000 சுற்றில் சுழற்றும். அந்த வேகத்தில் புரொப்பெல்லரின் நுனி மணிக்கு 700 கிலோமீட்டருக்கு மேல் போகிறது. ஓடும் எஞ்சினுக்குப் பக்கவாட்டில், புரொப்பெல்லர் சுழலும் கோட்டில் யாரையும் நிற்க விடாதீர்கள். 11 கிலோ விமானத்துக்கு இந்தச் சக்தி தாராளம்.

மூக்கில் எப்படியும் ஈயம் வைக்கிறோமே, அதற்குப் பதில் பெரிய எஞ்சின் இருக்கட்டுமே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான், அப்படிச் செய்கிறவர்களும் உண்டு. ஆனால் ஹரிக்கேனின் மூக்கு ஒடுக்கமானது. இரட்டை சிலிண்டரின் இரண்டு தலைகளும் இரண்டு பக்கமும் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். ஒற்றை சிலிண்டரைத் தலைகீழாக மாட்டினால் முக்கால்வாசி உள்ளே மறைந்துவிடும். எடை கூடினால் இறங்கும் வேகமும் கூடும். என் கணக்கில் 11 கிலோவில், வேகம் மணிக்கு 45 கிலோமீட்டர் வரை குறைந்தாலும் இந்த இறக்கை தாங்கும். 14 கிலோ ஆனால் 50-ஐத் தாண்டியே இறக்க வேண்டும். அறுவடை முடிந்த வயலில் அந்த ஐந்தாறு கிலோமீட்டர்தான் சக்கரம் மிஞ்சுமா, பிடுங்குமா என்பதைத் தீர்மானிக்கிறது.

சமநிலைப் புள்ளி, இறக்கையின் முன்விளிம்புக்கும் பின்விளிம்புக்கும் நடுவே உள்ள சராசரி அகலத்தில், முன்விளிம்பிலிருந்து 27 சதவீதத்தில் இருக்கட்டும். இந்த அளவில் சராசரி அகலம் 39 சென்டிமீட்டர், ஆக பத்தரை சென்டிமீட்டர். டேங்க் காலியாக இருக்கும்போது பாருங்கள்.

கேள்வி: பெட்ரோலா, பேட்டரியா?
*– முத்தியால்பேட்டை, புதுச்சேரி*

ஊருக்குள் குடியிருக்கிறீர்கள், மாடியில் வைத்துச் சோதிப்பீர்கள் என்றால் பேட்டரி. சத்தம் இல்லை, புகை இல்லை. இந்த எடையைத் தூக்க ஏறக்குறைய 3,000 வாட் வேண்டும். ஆறு செல் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி இரண்டை வரிசையாக இணைத்தால் 44.4 வோல்ட், அதில் 70 ஆம்பியர் இழுத்தால் கணக்கு சரியாக வரும். 5,000 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரியில், த்ரோட்டிலை அளவாக வைத்தால், ஆறேழு நிமிடம் பறக்கலாம். ஐந்தில் ஒரு பங்கு சார்ஜ் மிச்சம் இருக்கும்போதே இறக்கிவிட வேண்டும். பறக்காத நாட்களில் செல் ஒன்றுக்கு 3.8 வோல்ட்டில் வையுங்கள். முழு சார்ஜில் வாரக்கணக்கில் வைத்தால் உப்பிவிடும்.

நான் பெட்ரோல்காரன். அரை லிட்டரில் பத்துப் பன்னிரண்டு நிமிடம் நிம்மதியாகப் பறந்து, கையிருப்போடு இறங்குகிறேன். 30 பங்கு பெட்ரோலுக்கு ஒரு பங்கு டூ ஸ்ட்ரோக் ஆயில், அதாவது லிட்டருக்கு 33 மில்லி. இப்போது பெட்ரோல் பங்க்கில் வரும் பெட்ரோலில் எத்தனால் 20 சதவீதம் வரை இருக்கிறது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும், நம் கடலோரத்தில் கேட்கவே வேண்டாம். கார்பரேட்டருக்குள் இருக்கும் டயாஃப்ரம் என்னும் மெல்லிய சவ்வு விறைத்துப்போகும். பறந்து முடித்ததும் டேங்கைக் காலி செய்துவிட்டு, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓட விடுங்கள். படகு எஞ்சின்காரர்களுக்கும் நான் தினம் சொல்வது இதுதான்.

அப்புறம், எரிபொருள் குழாய். மெத்தனால் எஞ்சினுக்குப் போடும் சிலிக்கான் குழாயைப் பெட்ரோலுக்குப் போடாதீர்கள். ஊறிப் பெருத்து, நடுவானில் கழன்றுவிடும். பெட்ரோல் தாங்கும் மஞ்சள் குழாய் தனியாகக் கிடைக்கிறது.

மூக்கு உறைக்குள் காற்று நுழையும் வழியைவிட வெளியேறும் வழி இரண்டு மடங்காவது பெரிதாக இருக்கட்டும். நுழைந்த காற்று சிலிண்டர் தகடுகளின் நடுவே போகும்படி ஒரு தடுப்பும் வையுங்கள். பலரும் முன்பக்கத்தை அழகாகத் திறந்து வைத்துவிட்டுப் பின்பக்கத்தை மறந்துவிடுகிறார்கள். எஞ்சின் சூட்டில் இறுகுவது பெரும்பாலும் அங்கேதான்.

கேள்வி: நான் ஃபைபர் படகு செய்கிறவன். உங்கள் கட்டுரையைப் பார்த்து மகனுக்காகத் தெர்மாகோலில் ஆறடி இறக்கை வெட்டி, படகு ரெசினைப் பூசினேன். பூசப் பூசக் கரைந்து குழியாகிவிட்டது. ரெசினில் கோளாறா?
*– தாழங்குடா*

ரெசின் நல்ல ரெசின்தான் அண்ணே. படகுக்கு நீங்கள் பூசுவது பாலியெஸ்டர். அதை இளக வைக்கச் சேர்த்திருக்கும் ஸ்டைரீன்தான் தெர்மாகோலைத் தின்கிறது. தெர்மாகோலும் ஸ்டைரீனிலிருந்து செய்ததே, அதனால் இரண்டும் ஒன்றில் ஒன்று கரைந்துவிடும். எபாக்சி ரெசின் வாங்குங்கள், அது தெர்மாகோலைத் தொடாது. விலை கூடுதல், இறுக நேரமும் கூடுதல். ஹார்டனரை நீங்கள் வழக்கமாக ஊற்றுவது போல் கண்பார்வையில் ஊற்றாதீர்கள். டப்பாவில் போட்டிருக்கும் விகிதத்தைத் தராசில் வைத்து அளக்க வேண்டும். கூட்டினால் சீக்கிரம் காயும் என்பது எபாக்சியிடம் நடக்காது, பிசுபிசுப்பாகவே நின்றுவிடும்.

படகுக்குப் போடும் கண்ணாடி இழை ‘மேட்’ விரிப்பும் வேண்டாம். சதுர மீட்டருக்கு 450 கிராம் மேட் ரெசினைக் குடித்துக்கொண்டே இருக்கும். இறக்கைக்கு 50 கிராமுக்குள் இருக்கும் மெல்லிய கண்ணாடித் துணி போதும். அதை உலர்ந்த நிலையில் இறக்கையின்மேல் விரித்து, ரெசினை நடுவில் ஊற்றி, பழைய பிளாஸ்டிக் கார்டால் விளிம்பை நோக்கித் தள்ளுங்கள். கடைசியில் டிஷ்யூ பேப்பரை உருட்டி மிச்ச ரெசினை ஒற்றி எடுங்கள். துணியின் நெசவு கண்ணுக்குத் தெரிய வேண்டும். பளபளவென்று இருந்தால் ரெசின் அதிகம் என்று அர்த்தம். ஒன்று சொல்ல வேண்டும்: என் ஹரிக்கேனின் மூக்கு உறைக்கு அச்சு எடுத்துக் கொடுத்தது உங்களைப் போல ஒரு படகுக்காரர்தான். அச்சு வேலையில் உங்கள் கை எங்களுக்கு வராது.

கேள்வி: உங்கள் உழைப்பை மதிக்கிறேன். ஆனால் குண்டு போட்ட விமானத்தை ஏன் இவ்வளவு ஆசையாகச் செய்ய வேண்டும்? பயணிகள் விமானம் செய்யக்கூடாதா?
*– ஓய்வுபெற்ற ஆசிரியை, திருப்பாதிரிப்புலியூர்*

அம்மா, இந்தக் கேள்வியை என் மனைவியும் கேட்டிருக்கிறார்.

என் அப்பா சிறுவனாக இருந்தபோது உளுந்தூர்பேட்டையில் இரண்டாம் உலகப் போருக்காக ஓடுதளம் போட்டார்கள். அன்றைக்கு அது நம் தென்னாற்காடு மாவட்டம். இன்றும் அந்த ஓடுதளம் கிடக்கிறது. விமானச் சத்தம் கேட்டால் ஆடுகளை விட்டுவிட்டு ஓடிப் பார்த்ததாக அப்பா சொல்வார். போர் என்பது எங்கோ ஐரோப்பாவில் நடந்தது என்று பள்ளியில் படித்த எனக்கு, அது எங்கள் ஊர் வரைக்கும் வந்திருந்தது என்று புரிந்தது அவர் வாயால்தான்.

1944-இல் ஜப்பானியப் படை இம்பாலைச் சூழ்ந்தபோது, இந்திய விமானப்படையின் முதலாவது ஸ்குவாட்ரன் என்னும் படைப்பிரிவு ஹரிக்கேன்களில்தான் பறந்தது. அதன் தலைவர் அர்ஜன் சிங், பின்னாளில் விமானப்படையின் மார்ஷல் ஆனவர். அந்த இளைஞர்கள் ஓட்டிய விமானத்தை நம் பிள்ளைகள் படத்தில்கூடப் பார்த்ததில்லை. என் விமானத்தின் வட்டச் சின்னத்தில் சிவப்பே கிடையாது, கருநீலமும் வெளிர்நீலமும்தான். ஜப்பானிய விமானத்தின் சிவப்புச் சூரியன் என்று நினைத்துத் தன் ஆளையே சுட்டுவிடக்கூடாது என்று நம் பக்கப் போர்முனையில் சிவப்பை எடுத்துவிட்டார்கள். பிள்ளைகள் முதலில் கேட்பது "ஏன் சிவப்பு இல்லை?" என்றுதான். அங்கிருந்து நான் பேச ஆரம்பிக்கிறேன். அதற்காகவே இதைச் செய்கிறேன்.

கேள்வி: கடற்கரைச் சாலையில் விடியற்காலையில் ஆள் இருக்காது. அங்கே பறக்க விடலாமா?
*– லாஸ்பேட்டை, புதுச்சேரி*

கூடவே கூடாது. உங்கள் பேட்டையிலேயே விமான நிலையம் இருக்கிறது. 2021 ட்ரோன் விதிகள் நம் மாதிரி விமானங்களுக்கும் பொருந்தும். 25 கிலோவுக்குள், பொழுதுபோக்கு, கல்வி போன்றவற்றுக்காக மட்டும், கண்ணுக்குத் தெரியும் தூரத்துக்குள் பறப்பதைத்தான் அவை மாதிரி விமானம் என்கின்றன. அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரித்திருக்கிறார்கள். பச்சையில் 400 அடி உயரம் வரை பறக்கலாம். விமான நிலையச் சுற்றுச்சுவரிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் வரை உள்ள வட்டத்தில் 200 அடிதான். வரைபடத்தைப் பார்த்த பிறகுதான் நான் இடம் தேடுவேன். அதன்பின் நிலத்துக்காரரிடம் கேட்பேன், காவல் நிலையத்திலும் சொல்லி வைப்பேன்.

மணலில் சக்கரம் புதைந்து விமானம் குப்புற விழும். கோடையில் வறண்ட ஏரித்தரை அருமையான இடம். காலை ஆறரையிலிருந்து ஒன்பது வரை காற்று அடங்கியிருக்கும். உச்சிவேளை நெருங்கும்போது கடற்காற்று ஏறிவிடும், அதற்குள் மூட்டை கட்டிவிடுங்கள். ஒவ்வொரு முறையும் பறக்கும் முன் ரிமோட்டை அணைத்துப் பாருங்கள், எஞ்சின் தானாகக் குறைய வேண்டும். குறையவில்லையா, அன்றைக்குப் பறக்க வேண்டாம்.

கேள்வி: பதினொன்றாம் வகுப்பு படிக்கும் மகன் நேராக எட்டடி விமானம் வேண்டும் என்கிறான்.
*– ஒரு தாய், பண்ருட்டி*

வேண்டாம் அம்மா. முதலில் ஒரு கிலோவுக்குள், இறக்கை மேலே இருக்கும் ஃபோம் விமானம். அதில் ஒரு வருஷம் போகட்டும். கணினியில் பறக்கப் பழகும் மென்பொருளும் உண்டு, அதில் எத்தனை முறை விழுந்தாலும் செலவில்லை. அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்கு அழைத்து வாருங்கள், பால்சா தேய்க்க ஆள் வேண்டும்.

கேள்வி: நண்பரின் பெட்ரோல் விமானம் உப்பனாற்றில் விழுந்துவிட்டது. மறுநாள் எடுத்துத் துடைத்து வெயிலில் காயவைத்தோம். எஞ்சின் சுற்றவே இல்லை.
*– கடலூர் துறைமுகம்*

காயவைத்ததுதான் தப்பாகிவிட்டது. உப்புத் தண்ணீரிலிருந்து எடுத்ததும் நல்ல தண்ணீர் வாளியில் முழுக்கிவிட வேண்டும். பட்டறைக்குக் கொண்டு வரும்வரை வாளியிலேயே இருக்கட்டும், காற்றுப் பட்டால்தான் துரு. பிறகு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, எஞ்சினைக் கவிழ்த்துத் தண்ணீரை வடித்து, ஆயில் கலந்த பெட்ரோலை உள்ளே விட்டுக் கையால் சுற்றி, அன்றைக்கே ஓட்டிப் பார்க்க வேண்டும். இப்போது உங்கள் எஞ்சினில் பேரிங் இறுகியிருக்கும். பலமாகத் திருகாதீர்கள். பின்மூடியைத் திறந்து பேரிங்கை மாற்றினால் இன்னும் பிழைக்கலாம், கொண்டு வாருங்கள், பார்க்கிறேன். இறக்கை, வால் மடல்களை அசைக்கும் சின்ன மோட்டார்களான சர்வோக்களை நம்ப வேண்டாம், புதிது போடுங்கள். லிப்போ பேட்டரி அதில் இருந்திருந்தால் அதை மறுபடி சார்ஜ் போடாதீர்கள், வீட்டுக்குள்ளும் வைக்காதீர்கள். வெளியே ஒரு மண்சட்டியில், மணலுக்கு நடுவே, குழந்தைகள் கை எட்டாத இடத்தில் வையுங்கள்.