முந்திரித் தோப்பை விற்று எம்.டி.எஸ். இடம் வாங்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 55. நெல்லிக்குப்பத்தில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். செலவெல்லாம் போக மாதம் 70,000 ரூபாய் கையில் நிற்கும். மகள் பல் மருத்துவப் படிப்பான பி.டி.எஸ். முடித்து இப்போது ஹவுஸ் சர்ஜனாக இருக்கிறாள். ஆர்த்தோ (பல் சீரமைப்பு) எடுத்துத்தான் மேல்படிப்பான எம்.டி.எஸ். படிப்பேன் என்கிறாள். அதற்கான நுழைவுத் தேர்வான நீட் எம்.டி.எஸ். இன்னும் எழுதவில்லை. தெரிந்தவர் மூலம் வந்த ஒருவர், சென்னைப் பக்கம் தனியார் கல்லூரியில் 60 லட்சத்துக்கு ஆர்த்தோ இடம் வாங்கித் தருவதாகவும், 10 லட்சம் முன்பணம் இந்த வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும் என்றும் சொல்கிறார். திருப்பாதிரிப்புலியூரில் சொந்த வீடு, வங்கியில் 9 லட்சம் வைப்பு, மனைவியிடம் 40 பவுன் நகை, பண்ருட்டி தாண்டி ஒன்றரை ஏக்கர் முந்திரித் தோப்பு இருக்கிறது. தானே புயலில் எல்லா மரமும் சாய்ந்து மறுபடி வைத்த தோப்பு அது. அதை விற்றுவிடலாமா? வரி எவ்வளவு வரும்? மகன் பதினொன்றாம் வகுப்பில் படிக்கிறான்.

பதில்: முதலில் வெள்ளிக்கிழமை விஷயம். அந்த 10 லட்சத்தைக் கொடுக்காதீர்கள், ஐயா. ஒரு ரூபாய்கூட வேண்டாம்.

காரணம் இதுதான். எய்ம்ஸ் போன்ற சில மத்திய நிறுவனங்கள் தவிர, 2017-இலிருந்து எம்.டி.எஸ். சேர்க்கை நீட் எம்.டி.எஸ். வழியாகத்தான் நடக்கிறது. அரசுக் கல்லூரி, தனியார் கல்லூரி, நிகர்நிலைப் பல்கலைக்கழகம் எதுவானாலும் மதிப்பெண்ணும் கலந்தாய்வும் இல்லாமல் உள்ளே போக முடியாது. அரசுக் கல்லூரிகளின் அகில இந்திய ஒதுக்கீடு 50 சதவீத இடங்களுக்கும், நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களின் எல்லா இடங்களுக்கும் மத்திய அரசின் மருத்துவக் கலந்தாய்வுக் குழுதான் கலந்தாய்வு நடத்துகிறது. தமிழ்நாட்டின் மாநில ஒதுக்கீட்டுக்கும் தனியார் கல்லூரிகளுக்கும் சென்னையில் உள்ள தேர்வுக் குழு. தேர்வே எழுதாத பெண்ணுக்கு யாரோ ஒருவர் இடத்தைப் பிடித்து வைக்க எந்த வழியும் இல்லை. பிறகு உங்கள் மகளே நல்ல ரேங்க் எடுத்து ஓர் இடம் வாங்கினாலும், ‘நான்தான் வாங்கிக் கொடுத்தேன்’ என்று அதே ஆள் மீதிப் பணத்துக்கு வந்து நிற்பார். எடுக்காவிட்டால் முன்பணத்தோடு காணாமல் போவார். என்னிடம் வந்த ஒரு குடும்பம் இப்படித்தான் பணத்தைக் கொடுத்துவிட்டு, ரசீதும் இல்லாமல் இரண்டு வருடம் அலைந்தது. அந்த அம்மா என் எதிரில் உட்கார்ந்து அழுதது இன்னும் மறக்கவில்லை. அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

தோப்புக்கு வருவோம். வரி பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். பண்ருட்டி மாதிரி பத்தாயிரத்துக்கு மேல், ஒரு லட்சத்துக்குள் மக்கள்தொகை உள்ள நகராட்சியாக இருந்தால், அதன் எல்லையிலிருந்து நேர்கோட்டில் 2 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் விவசாய நிலத்துக்கு மூலதன ஆதாய வரி கிடையாது. உங்கள் நிலம் எத்தனை கிலோமீட்டர் என்று வி.ஏ.ஓ.விடமோ தாலுகா அலுவலகத்திலோ எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், என்றைக்காவது உதவும். ஆனால் வரி இல்லை என்பது விற்பதற்கான காரணம் ஆகாது. 2011 டிசம்பர் 30 அன்று தானே கரையைக் கடந்தபோது கடலூர் மாவட்டத்து முந்திரி என்ன ஆனது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதற்குப் பிறகு கன்று வைத்து, வருடக்கணக்கில் காத்திருந்து, இப்போதுதான் மரங்கள் முழுக் காய்ப்பில் நிற்கின்றன. அவசரத்தில் விற்கிறவர் என்று தெரிந்தால் வாங்குகிறவர் விலையை எப்படி அடிப்பார் என்பதும் கடைக்காரரான உங்களுக்குத் தெரியும்.

சரி, மகளின் ஆசை என்ன ஆவது? ஆர்த்தோ நல்ல துறைதான். பல்லுக்கு க்ளிப் போட வரும் பிள்ளைகள் இப்போது கடலூரிலும் விழுப்புரத்திலும் எல்லா கிளினிக்கிலும் இருக்கிறார்கள். ஆனால் இந்தத் தொழிலில் பணம் வரும் விதம் வேறு. ஒரு நோயாளிக்குச் சிகிச்சை ஒன்றரை, இரண்டு வருடம் ஓடும். கட்டணமும் அதற்கேற்பத் தவணையாகவே வரும். எம்.டி.எஸ். முடித்தவர்கள் பெரும்பாலும் ஆரம்பத்தில் சொந்த கிளினிக் போடுவதில்லை. திங்கள் ஓர் ஊர், செவ்வாய் இன்னோர் ஊர் என்று நாலைந்து கிளினிக்குகளுக்கு விசிட்டிங் கன்சல்டன்டாகப் போவார்கள். நோயாளிகள் சேர்ந்து வருமானம் நிலைக்கச் சில வருடங்கள் பிடிக்கும். கடன் தவணையோ அதற்கு முன்பே ஆரம்பித்துவிடும்.

அதனால் கணக்கைக் கையில் எடுத்துப் பாருங்கள். வருடம் 10 லட்சம் என்று மூன்று வருடத்துக்கு 30 லட்சம் கல்விக் கடன், வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். படிப்புக் காலமும் அதற்குப் பிறகு ஒரு வருடமும் தவணை கட்ட வேண்டாம். அந்த நாலு வருடத்தில் தனிவட்டியே 9 லட்சம் சேர்ந்து, கடன் 39 லட்சமாகிவிடும். பத்து வருடத்தில் அடைக்க மாதம் சுமார் 51,500 ரூபாய். பதினைந்து வருடமாக நீட்டினால் சுமார் 41,900 ரூபாய், ஆனால் மொத்தமாகக் கட்டுவது 75 லட்சத்தைத் தாண்டும். இதுவே வட்டியை மட்டும் படிக்கும்போதே கட்டி வந்தால், பத்து வருடத் தவணை சுமார் 39,600-க்கு இறங்கும். முதல் வருடம் மாதம் 8,300 அளவில் ஆரம்பித்து, மூன்றாம் வருடத்திலிருந்து 25,000 வரை வட்டி போகும். தோப்பு வருமானத்தையும் கடை வருமானத்தில் ஒரு பங்கையும் வைத்து இதைச் சமாளிக்கலாம். வட்டியை இப்படி உடனுக்குடன் கட்டுகிறவர்களுக்குப் பல வங்கிகள் வட்டியிலும் கொஞ்சம் குறைக்கின்றன, கேளுங்கள். தோப்பு கையில் இருக்க வேண்டும் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னொன்று. ஏழரை லட்சத்துக்கு மேல் கடன் என்றால் வங்கி பொதுவாகச் சொத்து அடமானம் கேட்கும். விவசாய நிலத்தைக் கடன் வசூலுக்கான சர்ஃபேசி சட்டப்படி வங்கி எடுக்க முடியாது என்பதால் தோப்பை அவ்வளவாக ஏற்க மாட்டார்கள், திருப்பாதிரிப்புலியூர் வீட்டைத்தான் கேட்பார்கள். குடியிருக்கும் வீடு, பதினொன்றாம் வகுப்பில் ஒரு பையன். இதனால்தான் மொத்தக் கடனுக்கு 30 லட்சத்தை உச்ச வரம்பாக வைக்கச் சொல்கிறேன். கல்விக் கடன் வட்டிக்கு 8 வருடம் வரை வருமான வரிக் கழிவு உண்டு, ஆனால் பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு மட்டும்தான்.

இப்போது என் யோசனை. மகளுக்குத் தேர்வுக்காக முழுசாக ஒரு வருடம் கொடுங்கள். 240 கேள்விகள், 960 மதிப்பெண்கள், சரியான பதிலுக்கு 4, தவறானால் 1 குறையும். ஆர்த்தோ முதலில் தீர்ந்துபோகும் துறைகளில் ஒன்று, அதனால் இங்கே ரேங்க்தான் காசு. நல்ல ரேங்கில் அரசு இடம் கிடைத்தால் கட்டணமும் குறைவு, மாதா மாதம் உதவித்தொகையும் வரும். சிதம்பரத்து அரசு பல் மருத்துவக் கல்லூரி உங்கள் மாவட்டத்திலேயே இருக்கிறது. புதுச்சேரி அரசு ஒதுக்கீட்டுக்கு மட்டும் ஆசைப்பட வேண்டாம், அதற்கு அந்தப் பக்கத்துக் குடியிருப்புச் சான்று வேண்டும், அங்குள்ள சேர்க்கைக் குழுவான சென்டாக் வழியாகத்தான் நடக்கும். வைப்பிலிருந்து ஒரு லட்சத்தைப் பயிற்சிக்கும் மாதிரித் தேர்வுகளுக்கும் எடுத்து வையுங்கள். இன்டர்ன்ஷிப் முடிந்ததும் அவள் வாரம் மூன்று மாலை கடலூரில் ஏதாவது கிளினிக்கில் உட்கார்ந்தால் கைச்செலவுக்கும் ஆகும், கையும் பழகும். 3 லட்சத்தை அவசரத்துக்கு விடுங்கள், மீதி 5 லட்சம் அப்படியே இருக்கட்டும். நகையைத் தொட வேண்டாம்.

ஒரு முறையில் ஆர்த்தோ வராமல் போகலாம். அப்போது இரண்டாம் முறை எழுதுவதா, அதே ரேங்குக்கு அரசுக் கல்லூரியில் கிடைக்கும் வேறு துறையை எடுப்பதா என்பதை இப்போதே அவளோடு பேசி முடிவு செய்து வையுங்கள். கலந்தாய்வு நாட்களில் வீட்டில் யாருக்கும் நிதானம் இருக்காது. பிந்தைய சுற்றுகளில் கிடைத்த இடத்தில் சேராவிட்டால் கலந்தாய்வுக்குக் கட்டிய வைப்புத்தொகை போய்விடும் என்பதால், கட்டண விவரத்தைப் பார்க்காமல் எந்தக் கல்லூரியையும் விருப்பப் பட்டியலில் போடக் கூடாது. விடுதி, தேர்வுக் கட்டணம், கருவிகள் எல்லாம் சேர்த்து 30 லட்சத்துக்கு மேல் கடன் கேட்கும் கல்லூரியை அப்போதே அடித்துவிடுங்கள். அரசு இடத்தில் சேர்ந்தால் பணி ஒப்பந்தம் எவ்வளவு காலம், நடுவில் விட்டால் இழப்பீடு எவ்வளவு என்பதையும் அந்த வருடக் கலந்தாய்வுக் கையேட்டில் படித்துவிடுங்கள்.

அந்த ஆளுக்கு நாளைக்கே போன் செய்து வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். தெரிந்தவர் வருத்தப்பட்டால் பரவாயில்லை. ரேங்க் வந்த பிறகு, கல்லூரிகளின் கட்டணப் பட்டியலோடு மகளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். எந்த இடத்துக்கு எவ்வளவு கடன் தாங்கும் என்று மூவரும் உட்கார்ந்து பார்ப்போம்.