ஒரே வார்டு, ஒரே நோயாளி: கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

நான் செவிலியர் கல்லூரி ஆசிரியை. எங்கள் மாணவிகளும் எம்.பி.பி.எஸ்., பிசியோதெரபி மாணவர்களும் ஒரே வார்டில் போஸ்டிங் பார்த்தாலும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்வதில்லை. மூவருக்கும் பொதுவாகச் சில வகுப்புகள் வைத்தால் போதுமா?

ஒரு வாசகி, மதுரை

அன்புள்ள ஆசிரியைக்கு,

போதாது என்றே நினைக்கிறேன். பொது வகுப்பில் மூன்று துறையினரும் மூன்று தனி வரிசைகளில் அமர்ந்து பாடம் கேட்டுவிட்டு எழுந்துபோவார்கள். வெவ்வேறு துறை மாணவர்கள் ஒருவரைப் பற்றி ஒருவரும், ஒருவரிடமிருந்து ஒருவரும், ஒருவரோடு ஒருவர் சேர்ந்தும் கற்க வேண்டும் என்றுதான் உலக சுகாதார நிறுவனம் 2010-இல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. நோயாளியின் பொறுப்பைப் பகிர்ந்துகொள்ளாமல் அது நடக்காது.

சுவீடனின் லின்ஷோப்பிங் பல்கலைக்கழகம் இதை 1996-லேயே செய்துகாட்டியது. மருத்துவம், செவிலியம், பிசியோதெரபி, ஆக்குபேஷனல் தெரபி (அன்றாட வேலைகளை நோயாளி தானே செய்யப் பழக்கும் சிகிச்சை) மாணவர்கள் ஒரு குழுவாகப் பயிற்சி வார்டு ஒன்றின் அன்றாடப் பணிகளைத் தாங்களே நடத்துவார்கள். அனுபவமுள்ள பணியாளர்கள் அருகிலிருந்து மேற்பார்வை செய்வார்கள்.

இடுப்பெலும்பு முறிந்து அறுவை சிகிச்சை செய்துகொண்ட ஒரு மூதாட்டியை எண்ணிப் பாருங்கள். இரவில் கழிப்பறைக்கு எழுந்தபோது அவருக்குத் தலைசுற்றியது செவிலிய மாணவிக்குத் தெரியும். வலி மாத்திரை கொடுத்து அரை மணி நேரமாவது ஆகாமல் அவரை நடக்க வைக்க முடியாது என்பது பிசியோதெரபி மாணவருக்குத் தெரியும். இவை இரண்டும் கேஸ் ஷீட்டில் ஏறாதபோது, காயம் ஆறிவருவதை மட்டும் பார்த்து மருத்துவ மாணவர் 'நாளை டிஸ்சார்ஜ்' என்று எழுதிவிடுவார். வீட்டில் எத்தனை படிகள், குத்தவைக்கும் கழிப்பறையா என்பதை யாருமே கேட்டிருக்க மாட்டார்கள். அந்த மூவரும் கட்டிலருகே கால் மணி நேரம் நின்று பேசினால், தன் முடிவு மற்ற இருவரின் கண்ணை நம்பியே நிற்கிறது என்பதை மருத்துவ மாணவர் உணர்வார். அதைவிட முக்கியமாக, தான் கண்டதைத் தயங்காமல் சொல்லலாம் என்ற துணிவு உங்கள் மாணவிக்கு வரும். மருத்துவமனையின் மேல் கீழ் வரிசை படிக்கும் வயதிலேயே மனத்தில் பதிந்துவிடுகிறது என்பதால் இதைப் பணியில் சேர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடக் கூடாது.

உண்மையான இடையூறு கால அட்டவணை. மூன்று கல்லூரிகளின் போஸ்டிங் தேதிகளும் ஒத்துவருவது அரிது. எனவே எலும்பியல் வார்டு ஒன்றில் மட்டும், வாரம் ஒரு நோயாளியை மூவருக்கும் பொதுவாக ஒப்படைத்துத் தொடங்குங்கள். கலந்துரையாடலை ஒரு வாரம் நீங்களும் மறுவாரம் பிசியோதெரபி ஆசிரியரும் நடத்துங்கள். எப்போதும் மருத்துவரே நடத்தினால் மற்றவர்கள் வாய் திறக்க மாட்டார்கள். மூவரின் லாக் புக்கிலும் (பயிற்சிப் பதிவேடு) அதற்கு ஒரு பதிவும் மதிப்பெண்ணும் இருக்கட்டும். அது இல்லையென்றால் தேர்வு நெருங்கும்போது முதலில் கைவிடப்படுவது இதுவாகத்தான் இருக்கும்.